மூக்கு தூக்கி நின்ற டாட்ஜ்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு, சங்கரன்கோவிலிலும் சுற்று வட்டாரத்திலும் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது என்று முந்தின நாள் பேப்பரிலேயே போட்டிருந்தது. மாணிக்கராஜ் தன் ஹார்டுவேர்ஸ் கடை வாசலில் நாற்காலியைப் போட்டு, ஒரு பெயிண்ட் கம்பெனி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

அவர் அன்று காத்திருந்தது வியாபாரத்துக்காக அல்ல. தங்கைக்காக.

ஆறு நாட்களுக்கு முன்னால் அவருடைய வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைதான் காரணம். அன்று அப்பாவின் பன்னிரண்டாம் வருட நினைவு ஜெபக் கூட்டம். சபைக் குருவானவர் ஐயரும் வந்திருந்தார். ஜெபம் முடிந்து எல்லார் கைக்கும் அதிரசமும் காப்பியும் வந்த நேரத்தில், கடைக்குப் பின்னால் உள்ள கோடவுனை இடிக்கப் போவதாக மாணிக்கராஜ் அறிவித்தார். அதற்குள் முப்பது வருடமாக நிற்கும் அப்பாவின் அமெரிக்கக் கார், ஐம்பத்தைந்தாம் வருட டாட்ஜ் கிங்ஸ்வே, திங்கட்கிழமை காலையில் நாற்கரச் சாலை ஓட்டல்காரர் ஒருவரிடம் போகிறது என்றார். ஓட்டல் வாசலில் காட்சிக்கு வைப்பார்களாம். பானட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே மண் கொட்டிக் குரோட்டன்ஸ் செடி நடுவார்களாம். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாமாம்.

ஜாய்லின் காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். அந்தக் கார் தனக்கு வேண்டும், தான் அதை ஓட வைப்பேன் என்றாள். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். மாணிக்கராஜும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்:

"சரிட்டி. முறையா ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வா. சனிக்கெழமைக்குள்ள அவன் பாத்து, இது ஓடும்னு சொல்லட்டும். நீயே எடுத்துக்கோ. சொல்லலன்னா அதுக்கு மேல வாயத் தொறக்கப்பிடாது. ஐயர் முன்னால வச்சுச் சொல்லுதேன்."

முறையான மெக்கானிக்.

அந்த இரண்டு வார்த்தைகளும் ஆறு நாளாக ஜாய்லினின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றன. அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. நாகர்கோவிலில் விடுதியில் தங்கி ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் இருபத்துநான்கு வருடமாக மோட்டார் மெக்கானிக் வகுப்பு எடுக்கிறாள். அவளிடம் படித்தவன் ஒருவனாவது இல்லாத ஒர்க்‌ஷாப்பை இந்த வட்டாரத்தில் தேட வேண்டும். கியர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் முழிக்கிறவர்கள், "மேடம், ஒரு சந்தேகம்" என்று அவளுக்குத்தான் போன் அடிப்பார்கள். அண்ணனுக்கு மட்டும் அவள் முறையான மெக்கானிக் இல்லை. லுங்கி கட்டாததுதான் குறை போலிருக்கிறது.

இந்தக் காரைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் அந்தப் படிப்பையே எடுத்தாள். படிப்பு முடிந்து ஊருக்கு வந்தபோது காரைச் சுற்றி பி.வி.சி. பைப்புகளும் தண்ணீர்த் தொட்டிகளும் மதில்போல ஏறியிருந்தன. கூரையும் ஒரு பின்கதவும் மட்டும் வெளியே தெரியும். பானட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு. அப்பா இறந்த பிறகு, அவர் நினைவாக அது அப்படியே இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னதை அவளும் நம்பினாள்.

வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. குருவானவர் முன்னால் சொன்ன வார்த்தை அவளைக் கட்டுவது போல அவரையும் கட்டும் என்று கணக்குப் போட்டாள். புதன்கிழமை கடையநல்லூருக்குப் போய் முகம்மது அர்ஷத்தைப் பார்த்தாள். அவர் ஷார்ஜாவில் பத்தொன்பது வருடம் பழைய அமெரிக்கக் கார்களை மட்டுமே பிரித்து மாட்டுகிற ஒரு கராஜில் இருந்துவிட்டு, போன வருடம்தான் ஊரோடு வந்தவர். அவரைவிட முறையானவர் இந்த மாவட்டத்தில் கிடைக்க மாட்டார்.

பத்து மணிக்கு இருவரும் வந்து இறங்கியபோது மாணிக்கராஜ் போனில் இருந்தார். கடைத்தெருச் சத்தத்துக்காக எப்போதும் ஸ்பீக்கரில் போட்டே பேசிப் பழகியவர். ஓட்டல்காரரின் குரல் தெருவுக்கே கேட்டது. திங்கட்கிழமை ஏழு மணிக்கு லாரியும் கிரேனும் வந்துவிடுமாம், செடிகூட வாங்கியாகிவிட்டதாம்.

மாணிக்கராஜ் போனை வைத்துவிட்டு அர்ஷத்துக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். எந்த ஊர், யாருடைய மகன், எத்தனை வருடம் வெளிநாடு என்று வரிசையாக விசாரித்தார். ஜாய்லின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி ஆசப்படுதா. சின்னதுல இருந்தே அப்படித்தான். நீங்க சும்மா வெளிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, தேறாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா அவளுக்கும் மனசு ஆறிரும்."

அர்ஷத் டீயை ஒரு மிடறு குடித்தார்.

"நாடி பிடிக்காம எப்படி அண்ணாச்சி சொல்ல? பானட்டத் தொறந்து காட்டுங்க."

சாவி தொலைந்துவிட்டது என்றார் மாணிக்கராஜ். எப்போது என்று அர்ஷத் கேட்டதற்கு, போன வருடம் என்றார். சங்கிலியை அறுக்கலாமே, கடையிலேயே ரம்பம் இருக்கிறதே என்று ஜாய்லின் சொன்னாள். அப்பா போட்ட சங்கிலி, அதை அறுக்கத் தனக்கு மனசு வரவில்லை என்று அவர் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பானட்டைக் கழற்றி எறியப் போகிற ஓட்டல்காரரிடம் இந்தத் தழுதழுப்பு எங்கே போயிற்று என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்காமல் எழுந்து கோடவுனுக்கு நடந்தாள்.

இடிப்பதற்காக அந்த வாரம்தான் சாமான்களை எல்லாம் எடுத்திருந்தார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு முழுக் காரையும் அவள் அப்போதுதான் பார்த்தாள்.

கறுப்பு நிறம் சாம்பலாக மங்கியிருந்தது. நான்கு டயர்களும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. பின் சீட்டில் எலி பஞ்சு பறித்திருந்தது. எம்.டி.டி. என்று ஆரம்பிக்கும் நம்பர் பலகை மட்டும் அப்பா எழுத வைத்த மாதிரியே, கோணாமல் இருந்தது.

அர்ஷத் துணியில் சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்து உடம்பு முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தார். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்கும், பட்டி பார்த்துப் பூசிய இடத்தில் நழுவிவிடும். எங்கேயும் நழுவவில்லை. சின்னச் சுத்தியலால் சேஸிஸைத் தட்டினார். நல்ல சத்தம் வந்தது. மழை படாத இடம், வறண்ட ஊர், அதனால் எலும்பு கெடவில்லை என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்துகொண்டிருந்தது.

ஜாய்லின் எதையும் தொடவில்லை. பத்தடி தள்ளி நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ சரியாக இல்லை. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் முதல் நாள் அவள் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: தொடுவதற்கு முன்னால் தள்ளி நின்று பார், வண்டி எப்படி நிற்கிறது என்று பார்.

இந்த வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

முன்பக்கம் பின்பக்கத்தைவிட நாலு விரல் உயரம். டயர்கள் நான்கும் ஒரே மாதிரி இறங்கியிருக்கும்போது அப்படி நிற்கக் கூடாது. முன் ஸ்பிரிங்குகள் முப்பது வருடம் பாரம் சுமந்திருந்தால் தளர்ந்து அமிழ்ந்திருக்க வேண்டும். அவை பாரமே சுமக்கவில்லை.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, டார்ச்சை எடுத்துக்கொண்டு, முன் பம்பருக்குக் கீழே மண் தரையில் மல்லாக்கப் படுத்தாள். மாணிக்கராஜ் பதறிப்போனார். எழும்பு, தேள் கிடக்கும், பொம்பளை இப்படிப் படுக்கலாமா என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது அவள் காதில் விழுந்தது. டார்ச்சை மேலே அடித்தாள். பிறகு டார்ச்சை அணைத்தாள். அதற்கு வேலை இல்லை. முன் கிரில் வழியாகப் பகல் வெளிச்சம் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பானட்டின் அடித் தகரம் அவள் கண்ணுக்கு நேரே தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு பழைய சாக்கு மட்டும் தொங்கியது.

அவள் எழுந்து முதுகு மண்ணைத் தட்டினாள்.

"இஞ்சின் எங்கண்ணே?"

மாணிக்கராஜ் அட்டையால் வேகமாக விசிறினார்.

"எந்த இஞ்சின்?"

"ஒங்க வாயில இப்படி வருது பாருங்க. காருல எத்தன இஞ்சின் இருக்கும்?"

அர்ஷத் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்திலிருந்த சந்தோஷம் போய்விட்டது. ஓடுமா ஓடாதா என்று பார்க்க முப்பது கிலோமீட்டர் வரவழைத்து, இருக்கிறதா இல்லையா என்பதையே மறைத்திருக்கிறார்கள். அவர் காந்தத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டார்.

முதலில் மாணிக்கராஜ் திருட்டு என்றார். பூட்டிய கோடவுனுக்குள், பைப் மதிலைத் தாண்டி, சங்கிலியை அறுக்காமல் கால் டன் இரும்பைத் தூக்கிப்போன திருடனின் திறமையை ஜாய்லின் மெச்சினாள். அடுத்தபடி, ரிப்பேருக்குக் கொடுத்து வராமல் போய்விட்டது என்றார். எந்த ஒர்க்‌ஷாப் என்று அவள் கேட்டாள். கடைசியில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அப்பாதான் வித்துட்டாவ. ஒனக்குச் சொன்னா வருத்தப்படுவன்னு நாந்தான் மறைச்சு வச்சேன்."

அதுவரை ஜாய்லினுக்கு இருந்தது கோபம்தான். ஆறு நாளும் சேர்த்து வைத்த, அளவு தெரிந்த கோபம். இது அதற்கு மேலே போயிற்று. நினைவு ஜெபம் நடத்தி, பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட மனுஷன். ஆறே நாளில் அதே அப்பாவின் தலையில் பழியை ஏற்றிவிட்டார். செத்தவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல மாட்டார் அல்லவா?

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்வாசல் கதவு திறந்தது. வீட்டுக்கும் கோடவுனுக்கும் நடுவில் அந்த ஒரு கதவுதான். மாணிக்கராஜின் மனைவி ஞானரத்தினம் வந்தாள். பேசுகிறவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிற மதினி. இப்போது அவள் கையில் டீ இல்லை. குடும்ப வேதாகமம் இருந்தது.

தடித்த, பழைய, முதுகு பிய்ந்து காடாத் துணி ஒட்டிய புத்தகம். தினமும் சாயந்தரம் மாணிக்கராஜ் அதைத்தான் வாசித்து ஜெபம் நடத்துவார். ஞானரத்தினம் அதை அவரிடம் நீட்டவில்லை. ஜாய்லினிடம் கொடுத்தாள்.

"முன்பக்கத்தப் படி."

அந்தப் பக்கத்தில்தான் குடும்பத்தின் ஜனனம், ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், மரணம் எல்லாம் தேதிவாரியாக இருக்கும். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அப்பா கொஞ்சம் கூடுதல். பஞ்சு வியாபாரத்தில் தலையெடுத்த வருடம் செங்கோட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட் மானேஜரிடம் அந்தக் காரை வாங்கிய தேதியையும், தேவகிருபையால் என்று சேர்த்து, பிள்ளைகள் பிறந்த தேதிகளுக்கு நடுவில் எழுதி வைத்திருந்தார். ஜாய்லினின் விரல் கீழே இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. அவள் சத்தமாகவே வாசித்தாள்.

"26.6.1993 சனி. காரின் எஞ்சினை மாணிக்கராஜ் என்னைக் கேளாமல் இறக்கி, கரிவலம்வந்தநல்லூர் தங்கப்பழத்தின் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கொடுத்துவிட்டான். ஜாய்லின் விடுதியிலிருந்து வந்தால் என்ன பதில் சொல்வேன்?"

அதன் கீழே எஞ்சின் எண். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பிசகில்லாமல்.

வெளியே கோவில்பட்டி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இத எப்ப பாத்தீங்க மதினி?"

"மாமா இறந்தன்னைக்கு. தேதி எழுதணும்னு ஒங்கண்ணன் சொன்னாவ. அவிய சொல்லச் சொல்ல நாந்தான் எழுதுனேன். அப்ப பாத்தேன்."

"பன்னெண்டு வருசமாத் தெரியும். வாயத் தொறக்கல."

ஜாய்லினின் குரலில் இருந்தது அண்ணனுக்கு மட்டும் உரியதல்ல. ஞானரத்தினம் அதை வாங்கிக்கொண்டாள்.

"தொறக்கல. என் தப்புதான். இந்த வீட்டுல ஆம்பளைங்க ஆதியாகமத்துல இருந்துதான் புத்தகத்தத் தொறக்குதாங்க. அதுக்கு முன்னாடி உள்ள பக்கத்த என்னைக்காவது பாப்பாங்க, அவங்களே ஒங்கிட்டச் சொல்லுவாங்கன்னு இருந்தேன். இன்னைக்குச் செத்துப்போன மாமா மேல பழியப் போட்டாவ. அதுக்கு மேல பொறுக்க முடியல."

மாணிக்கராஜ் மனைவியைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். சாவியே இல்லாமல் ஒரு பூட்டு தானாகத் திறந்துகொண்டது போல. அவர் கையில் மீதி இருந்த ஒரே துருப்பைப் போட்டார். அர்ஷத்திடம் திரும்பினார்.

"சரிவே. இஞ்சின் இல்ல. ஆனா ஐயர் முன்னால பேசினது பேசினதுதான். இஞ்சின் இல்லாத வண்டி ஓடும்னு சொல்லுவீரா? சொல்லும்."

காலையிலிருந்து மரியாதையோடு வந்த 'நீங்க' இப்போது 'நீர்' ஆகியிருந்தது. அர்ஷத் அதைக் கவனித்தார். நிதானமாகப் பதில் சொன்னார். வேறொரு எஞ்சினை மாட்டி ஓட்டுவது தனக்குப் பெரிய காரியமில்லை, ஆனால் ஆர்.சி. புக்கில் உள்ள எண் எஞ்சினில் இல்லாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க அலைய வைத்துவிடுவார்கள், அப்புறம் ஓட்டல் வாசலில் நிற்பதும் ஒன்று, வீட்டு வாசலில் நிற்பதும் ஒன்று என்றார். அந்தப் பழைய எஞ்சின் துருப்பிடித்த கட்டியாகக் கிடந்தால்கூடப் போதும், எண் ஒத்துப்போனால் மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நீங்க சனிக்கெழமைக்குள்ளன்னு சொன்னீங்க அண்ணாச்சி. இன்னும் சனிக்கெழம முடியல. நான் இங்கனயேதான் இருக்கேன்."

கரிவலம்வந்தநல்லூர் அரை மணி நேரப் பயணம். ஜாய்லின் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

அங்கே மாணிக்கராஜ் அவளை வழிமறித்தார். அதட்டல் போய்விட்டிருந்தது. இப்படி ஒரு குரல் அவரிடம் உண்டு என்று தங்கைக்கு இதுவரை தெரியாது.

"ஏட்டி, காரு ஒனக்குத்தான். ஓட்டல்காரன நான் வேண்டாம்னு சொல்லிருதேன். வேற இஞ்சின் போட்டுக்கோ. அந்த வீட்டுக்கு மட்டும் போகாத."

"ஏன்?"

ஜாய்லின் கையிலிருந்த பக்கத்தை மறுபடியும் பார்த்தாள். எஞ்சின் எண்ணுக்கு அடுத்த வரி அப்பா கையெழுத்தில்தான் இருந்தது. 9.9.1993 வியாழன். மாணிக்கராஜ், ஞானரத்தினம் விவாகம். இரண்டு வரிக்கும் நடுவில் எழுபத்தைந்து நாள்.

அவள் நிமிர்ந்தபோது மதினியும் அதே வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த நாட்களை முன்னாலேயே எண்ணிப் பார்த்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. கணவரிடம் சொல்லாமல் மார்க்கெட்டுக்குக்கூடப் போகாத ஞானரத்தினம் செருப்பை மாட்டினாள்.

"நானும் வாரேன்."

வேதாகமத்தை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள். எண்ணை ஒத்துப் பார்க்க அது வேண்டுமல்லவா?

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பி மறைந்தது. மாணிக்கராஜ் நாற்காலியில் விழுந்தார். இடுப்பிலிருந்த கடைச் சாவிக்கொத்து குலுங்கியது. அதிலேயே ஒரு சின்னப் பித்தளைச் சாவி பச்சை நூல் கட்டித் தொங்குவதை அர்ஷத் பார்த்தார். தொலைந்துபோன சாவி. சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்தார்.

மாணிக்கராஜின் விரல், பெயர் போட்டுப் பதிந்து வைக்காத ஒரு நம்பரை மனப்பாடமாக அழுத்தியது. அவசரத்தில் பழக்கதோஷம், ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டார்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். முதலில் குரல் வரவில்லை. சத்தம்தான் வந்தது. கனமான, தாளம் தப்பாத, ஆழத்திலிருந்து வரும் சத்தம். அர்ஷத் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். ஷார்ஜா கராஜில் பத்தொன்பது வருடம் கேட்ட பழைய அமெரிக்க எஞ்சினின் சத்தம் அது.

"யாரு, மாணிக்கராசாவே?" சத்தத்துக்கு மேல் ஒரு கிழட்டுக் குரல் கத்தியது. "சத்தமாப் பேசும்வே. இன்னைக்குக் கரண்டு கெடையாதுல்லா, ஒங்கப்பா இஞ்சின்தான் தண்ணி எறைக்குது."

மாணிக்கராஜ் ஸ்பீக்கரை அணைக்கத் தடவினார்.

அர்ஷத் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சனிக்கெழமைக்குள்ள ஒரு மெக்கானிக் சொல்லணும்னு கேட்டீங்கள்லா அண்ணாச்சி. இந்தா, சொல்லுதேன். ஓடும்னு இல்ல. ஓடுது."